கரண்ட் வைத்த பிறகு வரும் ரத்தம்: எனிமாவா, ஆர்கானா, பார்மலினா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட் புற்றுநோய்க்கோ கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடித்து, சில மாதங்களோ ஒரு வருடமோ கழித்து, மலத்தோடு ரத்தம் வரத் தொடங்கும். நோய் திரும்பிவிட்டதென்று சிலர் நடுங்கிப் போவார்கள். சிலர் மூலம் என்று முடிவுகட்டி நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்கள். பல நேரம் இரண்டுமே இல்லை. மலக்குடல் அந்த உறுப்புகளை ஒட்டியே இருப்பதால் அதன் முன்சுவரும் கதிர்வீச்சில் அடிபடுகிறது. அங்கே புதிதாக முளைக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் தொட்டாலே கசியும். ஆனாலும் ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். அப்படிப் பார்க்கும்போது அந்த முன்சுவரிலிருந்து அவசரப்பட்டுச் சதை எடுக்கக் கூடாது. புண் ஆறாமல் ஓட்டையே விழலாம்.

இந்த ரத்தத்தை நிறுத்தும் மூன்று வழிகளில் என் ஓட்டு முதலில் சுக்ரால்ஃபேட் எனிமாவுக்குத்தான். அல்சருக்குக் குடிக்கிற அதே மருந்து, விலையும் அதிகமில்லை. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை மருத்துவர்கள் 37 பேரிடம் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசீன் மாத்திரையும் ஸ்டீராய்டு எனிமாவும் சேர்ந்து கொடுத்ததைவிட இது நன்றாகவே வேலை செய்தது. 2 கிராம் மருந்தை 30 முதல் 50 மில்லி குழாய்த் தண்ணீரில் கலந்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். மருந்து சுற்றிலும் பூசிக்கொள்ள ஒருமுறை முழுதாக உருண்டு, அப்புறம் குப்புறப் படுக்க வேண்டும், குறைந்தது 20 நிமிடம். புண் முன்சுவரில் இருப்பதால்தான் குப்புற. காலை, மாலை இரண்டு வேளையும், வாரக்கணக்கில். அலுப்பான வேலைதான், ஆனால் வீட்டிலேயே முடியும். ஒரு விசித்திரம்: இதே மருந்தைக் கரண்ட் வைக்கும் நாட்களில் வாய்வழி குடித்தால் குடல் பாதிப்பைத் தடுப்பதில்லை.

எனிமாவுக்கு மசியாமல், ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால் ஆர்கான் பிளாஸ்மா. வாயு வழியே மின்சாரம் பாய்ச்சிக் கசியும் இடத்தை மேலோட்டமாகப் பொசுக்குவது. ஓரிரு முறையில் பலன் தெரியும். பழுது என்னவென்றால், ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த சதையில் புதுப் புண் வரலாம். குடலைப் பேதி மருந்தால் முழுதாகச் சுத்தம் செய்யாமல் போகவும் கூடாது. உள்ளே தங்கிய வாயு தீப்பிடித்து வெடித்த சம்பவங்கள் உண்டு.

பார்மலினா? பிணம் கெடாமல் வைக்கும் அதே ரசாயனம்தான். அதன் 4 சதவீதக் கரைசலை ரத்தம் கசியும் இடத்தில் ஒற்றியெடுப்பார்கள். செலவு குறைவு, ரத்தமும் நிற்கும். ஆனால் ஆசனவாய்த் தோலில் பட்டால் எரிச்சல் உயிரை வாங்கும், குடல் சுருங்கிப்போகவும் இடமுண்டு. மற்ற வழி இல்லாதபோது மட்டும் என்பேன்.

அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் அறையில் 40 நாள் உட்காரச் சொன்னால் யோசியுங்கள். 2016இல் வந்த பிரிட்டன் ஆய்வில் அதற்குப் பலன் தெரியவில்லை.

இன்னொரு வழியைப் பலர் சொல்வதே இல்லை. எப்போதாவது சில சொட்டுதான், ஹீமோகுளோபினும் நிலையாக இருக்கிறது என்றால், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டு சும்மா விடலாம். பலருக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது.