பேவர் பிளாக் போடப் போறீங்களா? கேட்டுக்கு வெளியே இறக்கின முதல் லோடை மட்டும் பார்த்து நம்பிடாதீங்க

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில, தறிக்கு நூல் சுத்தின பாவு பீம் ஏத்திக்கிட்டு வந்த டெம்போ எங்க கேட்டைத் தாண்டி இருபதடி உள்ள வந்துச்சு. அங்கேயே இடது பக்கப் பின்சக்கரம் இறங்கி நின்னுபோச்சு. சேத்துல இல்லைங்க. அஞ்சு மாசம் முன்னால எண்பதாயிரம் ரூபா கொடுத்துப் போட்ட பேவர் பிளாக் தடத்துல. தறி ஓட்டுற பசங்க ஆறு பேரும் நானும் சேர்ந்து, சக்கரத்துக்கு அடியில தென்னை மட்டையைத் திணிச்சுத் தள்ளி எடுத்தோம். "மண்தடமா இருந்தப்பக் கூட நல்லா வந்துட்டுப் போய்ட்டு இருந்தனுங்ணா" ன்னு சொல்லிட்டுப் போனான் டெம்போக்காரத் தம்பி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்க வீடு கோயம்புத்தூர் பக்கம், சோமனூருக்கும் காரணம்பேட்டைக்கும் நடுவுல. தோட்டத்துச் சாளை, பின்னாடி தறிக் குடோன். கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் 12 அடி அகலம், 70 அடி நீளம் தடம். போர்டிகோ முன்னாடி இன்னொரு 300 சதுர அடி. மொத்தம் 1,140. பூமி பாதி செவல், பாதி கரிசல். மழை பேஞ்சா செருப்பு மண்ணோட நிக்கும், வெறுங்காலோடதான் வீடு வந்து சேரணும். தை மாசம் பொண்ணு கல்யாணம், ஒரம்பரை சனம் எல்லாம் வரும், அதுக்குள்ள தடத்தை ஒழுங்கு பண்ணிடணும்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. வைகாசியிலயே ஆரம்பிச்சோம்.

என்ன போடறதுங்கறதுலயே ஒரு மாசம் போச்சு. வீட்டம்மாவுக்குப் பார்க்கிங் டைல்ஸ் மேல ஆசை, நங்கை வீட்டுல போட்டிருக்காங்க. காருக்கு அது பரவாயில்லை. லோடு டெம்போ ஏறினா அடியில எங்க கலவை சரியா புடிக்காம டொக்குன்னு இருக்கோ அங்க விரிசல் விடும். கிரானைட் போடலாம்னா பாலிஷ் போட்டது மழையில வழுக்கும். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கினதைத்தான் வெளியில போடணும், அது நம்ம பட்ஜெட் இல்லை. காங்கிரீட் நல்ல யோசனைதான், ஆனா கரிசல் வெயில்ல சுருங்கும், மழையில உப்பும். அடித்தளம் சரியில்லாத காங்கிரீட் அது கூடவே சேர்ந்து வெடிக்கும், வெடிச்சா ஒட்டுப் போட்டுத்தான் ஆகணும். பேவர் பிளாக்குல இறங்கின இடத்தை மட்டும் கழட்டி, சரி பண்ணி, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். அதனால பேவர் பிளாக்குன்னு முடிவாச்சு. இன்னைக்கும் அந்த முடிவுல எனக்கு வருத்தம் இல்லை. கல்லு மேல தப்பு இல்லைங்க, வாங்கின விதத்துலதான் தப்பு.

எங்கய்யன் மட்டும், "கெராவல் கொட்டி ரோலர் ஓட்டுனாப் போதும்" னார். அவர் பேச்சை யார் கேட்டோம்.

மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கினேன். அடித்தளத்தோட சேர்த்து சதுர அடிக்கு ஒருத்தர் 92 சொன்னார், இன்னொருத்தர் 85. மூணாவதா வந்தவர் 64. அவர் பேரோ கம்பெனி பேரோ இங்க எழுதப் போறதில்லை, கேட்காதீங்க. ஆள் நல்ல பேச்சு. "நம்மது ஹைட்ராலிக் பிரஸ் சரக்குங்ணா, ரப்பர் மோல்டு கெடையாது. 60 மில்லி. அடியில ஆறு இஞ்சி வெட் மிக்ஸ் போட்டு ரோலர் ஓட்டித் தர்றமுங்ணா." அதாவது மெஷின்ல அழுத்தி வார்த்த கல்லு, அடியில தண்ணி விட்டுக் கலந்த ஜல்லி-தூசிக் கலவை. அதோட 64 ரூபா. துண்டுச் சீட்டுல "பேவர் 60 எம்எம், லேயிங் சேர்த்து, 1140 ச.அ. x 64" ன்னு எழுதிக் கொடுத்துட்டு 40,000 அட்வான்ஸ் பணமா வாங்கிட்டுப் போனார். எங்கய்யன் திண்ணையில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஏப்பா, வந்தவன் மண்ணையே தொட்டுப் பாக்கலியே, அப்பறம் எப்படி வெல சொன்னான்?"

நான் முப்பது வருஷமா தறி ஓட்டறவன். நூல் வாங்கினா கவுண்ட், அதாவது நூலோட சன்னம், பார்க்காம வாங்க மாட்டேன். நாப்பதுன்னு சொல்லி முப்பத்தெட்டு கொடுத்தா கையில எடுத்ததுமே தெரியும். கல்லுக்கும் கவுண்ட் மாதிரி ஒண்ணு இருக்குன்னு அன்னைக்குத் தெரியாது. ஐ.எஸ். 15658 ன்னு பேவர் பிளாக்குக்கே தனி இந்தியத் தரம் இருக்கு, 2006-ல வந்தது. ஆள் நடக்கற இடத்துக்கு 50 மில்லி, எம்-30. கார் நிக்கற இடம், பண்ணை வீட்டுத் தடம் மாதிரி லேசான போக்குவரத்துக்கு 60 மில்லி, எம்-35. அதுக்கு மேல வண்டி ஓடுதுன்னா 80 மில்லி, எம்-40. எம்-35ன்னா 28 நாள் பதமானப்புறம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் அழுத்தம் தாங்கணும். என் சீட்டுல மில்லி மட்டும்தான் இருந்துச்சு, எம் எதுவும் இல்லை. வாரத்துக்கு ரெண்டு தடவை லோடு டெம்போ வரும்னு நான் வாயால சொன்னதும் சீட்டுல ஏறலை.

முதல் லோடு காலை பத்து மணிக்கு வந்துச்சு. கேட்டுக்கு வெளியே அழகா அடுக்கினாங்க. நானே இஞ்சி டேப் வெச்சு அளந்தேன், சரியா 60. மனசு நிறைஞ்சு போய் 25,000 ஜிபே பண்ணினேன். அதுக்கப்புறம் வந்த லோடு எல்லாம் விளக்கு வைக்கற நேரத்துக்கு மேலதான் வந்துச்சு. இறக்கின கையோட உள்ளே கொண்டு போய் வரிசையா வெச்சுட்டாங்க. வெளியே அடுக்கி நாம அளந்த கல்லும் அதோட கலந்துபோச்சு.

அடித்தளம் போட்ட ரெண்டு நாளும் நான் திருப்பூர்ல, பில்லுக்குப் பணம் வாங்க அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். வாட்ஸப்புல போட்டோ வந்துச்சு: டிப்பர் பின்பக்கம் தூக்கி வெட் மிக்ஸ் கொட்டுது. ஒரு கணக்கு பண்ணிப் பார்த்திருக்கணும். 1,140 சதுர அடிக்கு அரை அடி கனம்னா 570 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட்டுன்னா அஞ்சே முக்கால் யூனிட். ரோலர் ஓட்டினா அமுங்கும், அதனால ஏழு யூனிட்டாவது வரணும். எனக்கு வந்தது ரெண்டு யூனிட் லோடு ஒண்ணே ஒண்ணு, அதோட போட்டோதான் நாலு கோணத்துல வந்திருக்கு. அதையும் கேட்டுக்குப் பக்கத்துல பரப்பிட்டு, மிச்சத் தடத்துக்கு மேலாக்க மண்ணைச் சுரண்டிட்டு கிரஷர் தூசியைக் கொட்டிட்டாங்க. ரோலர் "நாளைக்கு வருதுங்ணா". வரவே இல்லை. கல்லு மேல ஓட்டற வைப்ரேட்டரும் "ரிப்பேருங்ணா". கையால கட்டையை வெச்சுக் குத்தினாங்க.

ஓரம் நகராம புடிக்கற கெர்ப் கல்லை வைக்கலை. சிமெண்ட் கலவையை ஒரு கரண்டி அள்ளிப் பூசி விட்டுட்டாங்க. பேவர் பிளாக் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் புடிச்சு நிக்கற சங்கதி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ரெண்டுல இருந்து நாலு மில்லி இடைவெளி விட்டு, அதுல காய்ஞ்ச பொடிமணலைக் கூட்டி இறக்கி, மேல வைப்ரேட்டர் ஓட்டினாத்தான் அந்தப் பிடி வரும். ஓரம் விட்டுக் கொடுத்தா எல்லாக் கல்லும் நகரும். கரை இல்லாத துணி மாதிரி, ஓரத்துல இருந்து பிரியும்.

கடைசி நாள் அளக்க வந்தார். அளவு 1,260 ஆச்சு. "ஓரம் வெட்டுனது, வேஸ்டேஜுங்ணா." 64 ரூபாப்படி 80,640. இருந்த 640-ஐத் தள்ளுபடி பண்ணிட்டேன்னு சொல்லி மிச்சம் 15,000 வாங்கிட்டுப் போனார். அதையும் பணமாத்தான் கொடுத்தேன். காபி வேற குடுத்தேன்.

ஆடிக் காத்துல சிவப்புக் கல்லோட நெறம் போச்சு. திருப்பூர்ச் சாயம் கூட இவ்வளவு சீக்கிரம் வெளுக்காதுங்க. ஆவணியில ஓரத்துல கோரை மொளைச்சுச்சு, எறும்பு மணலை வெளியே தள்ளிக் குவிச்சுச்சு. அப்பவும், புதுசுல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். புரட்டாசியில லேசா ஒரு மழை. தண்ணி ரோட்டுப் பக்கம் போகாம போர்டிகோவைப் பார்த்து வந்துச்சு. அம்பது அடிக்கு ஒரு அடியாவது வெளிப்பக்கமா வாட்டம் இருக்கணும், இங்க உள்பக்கம் வாட்டம். வாசப்படியில தேங்கி, குடோனுக்குள்ள புகுந்து, கீழே வெச்சிருந்த ஊடை நூல் மூட்டை ரெண்டு நனைஞ்சுபோச்சு. அப்புறம்தான் ஐப்பசி மழை, டெம்போ கதை.

டெம்போ போனதும் இறங்கின இடத்துல கல்லைப் பெயர்த்தேன். அடியில ரெண்டு இஞ்சி தூசி, அதுக்குக் கீழ நம்ம கரிசல், களி மாதிரி. ஜல்லின்னு பேருக்குக் கூட ஒண்ணு இல்லை. பெயர்த்ததுல பத்துக் கல்லை அளந்தேன். 51, 52, ஒண்ணு 50. ரெண்டு மூணு மில்லி முன்னப் பின்ன இருக்கலாம்னு தரத்துலயே இடம் கொடுத்திருக்கு, எட்டு மில்லிக்கு இல்லை. ஒரு கல்லை மூணு நாள் வெயில்ல காய வெச்சு, மளிகைக் கடைத் தராசுல நிறுத்தினேன்: 3 கிலோ 100 கிராம். ஒரு நாள் முழுக்கத் தண்ணியில போட்டு எடுத்து, துடைச்சு நிறுத்தினா 3 கிலோ 410. நூத்துக்குப் பத்து பங்கு தண்ணி குடிச்சிருக்கு. தரத்துல சராசரி ஆறுக்கு மேல போகக்கூடாது, தனிக் கல்லு எதுவும் ஏழைத் தாண்டக் கூடாது. அதுவும் சோதனைக் கூடத்துல அடுப்புல வெச்சு முழுசாக் காய வெச்சுதான் நிறுப்பாங்க, அப்படிப் பார்த்தா என் கல்லு இன்னும் கூடத்தான் குடிச்சிருக்கும். சிமெண்டைக் குறைச்சு, தூசியைக் கூட்டி, சரியாத் தண்ணி காட்டாம வித்த கல்லு அது.

போன் பண்ணினேன். நாலு நாள் எடுக்கலை. அஞ்சாவது நாள், "உங்க மண்ணு அப்படிங்ணா, நாங்க என்ன பண்றது" ன்னார். அப்புறம், "டெம்போ ஏத்துனீங்கன்னா அப்படித்தான் ஆகுமுங்ணா". டெம்போ வரும்னு சொன்னேனேன்னு கேட்டேன். "சீட்டுல இருக்குங்களா?" இல்லைதான்.

தெரிஞ்ச வக்கீல்கிட்டப் போனேன். 2019 சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லைன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம். "பில் எங்க?" ன்னு கேட்டார். துண்டுச் சீட்டை நீட்டினேன். அதுல கம்பெனி பேர் இல்லை, கையெழுத்து இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. ஜிபே 25,000 மட்டும்தான் சாட்சி, அதுவும் அவர் மச்சான் பேருக்குப் போயிருக்கு. போட்டுப் பார்க்கலாம், ஆனா இழுக்கும்னார். பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு அதுல இறங்க எனக்குத் தெம்பு இல்லை. உங்களுக்கு இப்படி ஆனா விடாதீங்க, அதுக்கு முதல் நாளே பில் கையில இருக்கணும்.

கார்த்திகையில வேற ஆளை வெச்சு 840 சதுர அடித் தடத்தை மட்டும் முழுசாப் பெயர்த்துப் போட்டேன். இவர் வந்ததும் கடப்பாரையை வாங்கி மூணு இடத்துல குத்தி மண்ணை எடுத்துப் பார்த்தார். எங்கய்யன் எந்திரிச்சு வந்து பக்கத்துல நின்னுக்கிட்டார். ஒரு அடி கரிசலை வெட்டி வெளியே தள்ளி, செம்மண் கெராவல் நிரப்பி, அது மேல வெட் மிக்ஸ், தண்ணி விட்டு ரோலர், ரெண்டு பக்கமும் கெர்ப், ஒன்றரை இஞ்சி மணல் படுக்கை, அது மேல 80 மில்லி எம்-40. சதுர அடிக்கு 118. தொண்ணூத்தொன்பதாயிரத்துச் சில்லறை ஆச்சு. பணத்தை நாலா பிரிச்சு, அடித்தளம் முடிஞ்சு நானே ரெண்டு இடத்துல தோண்டி ஸ்கேல் வெச்சுப் பார்த்தப்புறம்தான் ரெண்டாவது பங்கைக் கொடுத்தேன். அவரே சோதனைக் கூட ரிப்போர்ட் ஒண்ணு கொடுத்தார், தேதியையும் கல்லு மேல இருக்கற குறியையும் ஒத்துப் பார்த்துக்கிட்டேன்.

அதோட ஒரு தறிக்காரன் யோசனை: கல் லோடை எடைமேடையில ஏத்திட்டு வரச் சொல்லுங்க. தரமான காங்கிரீட்டுல 60 மில்லின்னா சதுர அடிக்கு 13 கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும், 80 மில்லின்னா 18 கிலோவுக்குக் கிட்ட. 1,140 சதுர அடிக்கு 60 மில்லி கல்லுன்னா பதினஞ்சு டன். எனக்கு வந்த கல்லை நிறுத்திருந்தா ரெண்டு டன்னுக்கு மேல குறைஞ்சிருக்கும். நூல் லோடுக்குத் தவறாம எடைச் சீட்டு கேட்கறவனுக்கு அன்னைக்கு ஏன் தோணலைன்னு தெரியலை.

பழைய கல்லுல நல்லதைப் பொறுக்கிப் பொடக்காணியில துணி தொவைக்கற இடத்துல போட்டிருக்கு. ஆள் நடக்கறதுக்கு அது போதும். போர்டிகோ முன்னாடி 300 சதுர அடி இன்னும் அந்த ஆள் போட்டதேதான், தண்ணி இப்பவும் அங்க தேங்குது. கல்யாணக் கடன் தீரட்டும்.

போன வாரம் பக்கத்து ஊர்ல ஒரு வீட்டு முன்னாடி அதே ஆளோட வண்டி நின்னுச்சு. காலை பத்தரை மணி. கேட்டுக்கு வெளியே கல்லை அழகா அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. ஸ்கூட்டரை நிறுத்தி, பையில இருந்த டேப்பை எடுத்து ஒரு கல்லை அளந்தேன். சரியா 60. வீட்டுக்காரரைத் தனியாக் கூப்பிட்டு, "சாயந்தரம் வர்ற லோடையும் அளந்து போடுங்க" ன்னு சொல்லிட்டு, கையிலிருந்த டேப்பையும் அவர்கிட்டயே கொடுத்துட்டு வந்தேன்.