மணாலியில் வாடகை பைக் எடுக்கப் போகிறீர்களா? முதலில் வண்டியைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்

மணாலியில் பைக் வாடகைக்கு எடுத்து லடாக்கில் இருக்கும் லே வரைக்கும் போய்வரலாம் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன செப்டம்பரில் மதுரையிலிருந்து நாங்கள் நான்கு பேர் போய்வந்தோம். அவ்வளவு சிரித்த ஒன்பது நாள் என் வாழ்க்கையில் வேறு இல்லை. அதே ஒன்பது நாளில்தான் ஒரு கடைக்காரர் எங்களை நன்றாக ஏமாற்றினார். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். ஓட்டவே கூடாத வண்டியை எங்களில் ஒருவன் தலையில் கட்டி மலைக்கு அனுப்பியதை மறக்க முடியவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

நாங்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். வங்கியில் வேலை பார்ப்பவன் 'மேனேஜர்'. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவன் 'வாத்தியார்', அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அப்புறம் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். புனேயில் நாலு வருஷம் இருந்ததால் எங்கள் கூட்டத்தில் இந்தி தெரிந்த ஒரே ஆள் அவன்தான். மூன்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி, மச்சான் என் பின்சீட்டில். ஒரு நாளைக்கு ஒரு வண்டிக்கு 1,600 ரூபாய், ஒன்பது நாளுக்கு மூன்று வண்டிக்கும் சேர்த்து 43,200. அதற்கு மேல் வண்டிக்குப் பத்தாயிரம் டெபாசிட். போதாததற்கு நாலு பேருடைய அசல் ஆதார் அட்டையையும் வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார். அப்போது அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

போனில் அனுப்பிய படங்களில் மூன்று வண்டிக்கும் கருப்பு நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. தானே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்கு அதுதான் சரியான பிளேட். நேரில் நின்றது இரண்டு கருப்பு, ஒரு வெள்ளை. கேட்டோம். "சீசன் பாருங்க, மூணாவது வண்டி கிளம்பிடுச்சு. இது என் தம்பியோட சொந்த வண்டி, இதைவிட நல்லா இருக்கும்" என்றார். டெல்லியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்திறங்கிய அசதி. வாத்தியார், "சரி விடுங்கப்பா, நான் ஓட்டிக்கிறேன்" என்று அந்தச் சாவியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வரச் சொன்னார். போனால் மூன்று வண்டியும் அப்போதுதான் கழுவி, சொட்டச் சொட்ட நிற்கிறது. கடை வாசலில் ஒரே ஒரு குண்டு பல்பு. "சுரங்கப்பாதையில் நெரிசல் ஆகிடும், சீக்கிரம் கிளம்புங்க" என்று அவசரப்படுத்தி, ஏதோ ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார். 'வண்டி பழுதின்றி ஒப்படைக்கப்பட்டது' என்று அதில் எழுதியிருந்ததைத் திரும்பி வந்த அன்றுதான் படித்தோம். ஈர வண்டியில், அரை இருட்டில், கீறலும் தெரியாது ஒடுக்கும் தெரியாது. கழுவிக் கொடுப்பதை மரியாதை என்று நினைத்தோம்.

அங்கிருந்து கிளம்பிய பிறகு அந்த ஆளின் நினைப்பே இல்லை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். ரோதாங் கணவாயின் அடியில் புகுந்து மறுபக்கம் லாஹௌலில் வெளியே வந்தால் வேறு உலகம். இந்தப் பக்கம் தேவதாரு மரமும் ஈரமும், அந்தப் பக்கம் மொட்டை மலையும் வெயிலும். மேனேஜர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். சந்திரா, பாகா ஆறுகள் சேரும் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பினோம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை இருந்த இடம் அது. எங்களிடம் இருந்த ஹிமாலயன் மாடலின் டேங்க் பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் ஆளுக்கு ஐந்து லிட்டர் கேனிலும் கட்டிக்கொண்டோம். ராத்திரி ஜிஸ்பாவில் தங்கல்.

இரண்டாம் நாள் பாராலாச்சா லா ('லா' என்றால் கணவாய்), 4,890 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மேனேஜர் வீட்டில் அவன் அம்மா கட்டிக் கொடுத்த இட்லிப்பொடி பாலித்தீன் கவரில், காற்றுப் புகாமல் சீல் வைத்தது, அவன் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. ஏற ஏற அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டே வந்திருக்கிறது. கணவாய் உச்சியில் போட்டோ எடுக்க மச்சான் அவனைக் கட்டிப்பிடித்தான். டப்பென்று ஒரு சத்தம். இரண்டு பேர் முகத்திலும் தாடியிலும் மிளகாய்ப் பொடி. பக்கத்தில் நின்ற பஞ்சாபி லாரி டிரைவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் ரொட்டிக்குக் கேட்டு வாங்கிப் போனார். பனிக்கட்டி நடுவில் நாங்கள் மூச்சு வாங்கியபடி சிரித்தது, அந்தக் காற்றில் சிரிப்பதே எவ்வளவு கஷ்டம் என்பது, போனவர்களுக்குத்தான் புரியும்.

சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தோம். யாருக்கும் தூக்கமில்லை, எல்லோருக்கும் மண்டையிடி. முடிந்தவரை சர்ச்சுவில் தங்காதீர்கள். ஜிஸ்பாவில் இன்னொரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டுப் போவது நல்லது.

மூன்றாம் நாள்தான் வினை. காட்டா லூப்ஸின் இருபத்தொரு வளைவும் ஏற்றம், பிரேக்குக்கு வேலை குறைவு. நக்கீ லா, அதைத் தாண்டி ஐயாயிரம் மீட்டருக்கு மேலே லாச்சுலுங் லா. அங்கிருந்து பாங் வரைக்கும் இறக்கம். பல இடத்தில் தார் கிடையாது, சரளைக்கல்லும் புழுதியும்தான். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், தடுப்பு கிடையாது. வாத்தியார் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் வண்டியிலிருந்து இரும்பை இரும்பால் தேய்க்கிற சத்தம் வர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பின்பிரேக் மிதித்தால் மிதித்தபடியே கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை. சரளையில் இறங்கும்போது முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முதல் கியரில் போட்டு, இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டே, மலைப்பக்கமாக வண்டியைச் சாய்த்து ஒரு மண்மேட்டில் முட்டி நிறுத்தினான். இறங்கியவன் எதுவும் பேசவில்லை. கையுறையைக் கழற்றும்போது விரல் நடுங்கியது.

குனிந்து பார்த்தோம். பிரேக் பேடில் உரசும் பொருள் ஒரு பக்கம் சுத்தமாக இல்லை, வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று நாள் ஓட்டத்தில் அந்த அளவுக்குத் தேயாது. தேய்ந்த பேடோடுதான் அந்த வண்டியைக் கொடுத்திருக்கிறார்.

கடைக்காரருக்குப் போன் போடலாம் என்றால் அங்கே சிக்னலே இல்லை. லடாக்கில் வெளிமாநில பிரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். இந்த வழியில் அதுவும் பல இடத்தில் செத்துவிடும். அரைமணி நேரம் கழித்துக் கேரளத்துப் பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். "எந்தா சேட்டா, பிரஷ்னமா?" என்று கேட்டபடியே ஒருவன் இறங்கி, பையைத் திறந்து புது பேட் ஒரு செட் எடுத்தான். மலைக்கு வருகிறவன் பிரேக் பேடும் கிளட்ச் கேபிளும் இல்லாமல் வரலாமா என்று எங்களைத் திட்டிக்கொண்டே இருபது நிமிஷத்தில் மாட்டிவிட்டான். பணம் கொடுத்தோம், வாங்கவே இல்லை. பாங்கில் ஒரு லடாக்கி அக்காவின் கூடாரக் கடையில் பத்துப் பேரும் உட்கார்ந்து மேகியும் டீயும் சாப்பிட்டோம். பில்லை மட்டும் மேனேஜர் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டான். தேய்ந்த பேடை வாத்தியார் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

லே போய்ச் சேர ராத்திரி ஒன்பது மணி. அடுத்த அடி அங்கே. கர்துங் லாவுக்கு ஏறும் வழியில் உள்ளூர் வாடகை பைக் சங்கத்துக்காரர்கள் நிறுத்தினார்கள். மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியில் லே வரை வரலாம், லேயைச் சுற்றிப் பார்க்க ஓட்டக்கூடாது, இங்கே உள்ள வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வருஷத்தில் நாலைந்து மாதம்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம், மரியாதையாகவும் பேசினார்கள். "நுப்ரா, பாங்காங் எல்லாம் இதே வண்டியில் போங்க, நான் பொறுப்பு" என்று வாய் கூசாமல் சொன்ன மணாலிக்காரர் மேல்தான் கோபம். இரண்டு நாளுக்கு மூன்று வண்டி, இன்னொரு 9,000 ரூபாய். அவர் வண்டிகள் விடுதி வாசலில் சும்மா நிற்க, அதற்கும் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து வண்டி ஒப்படைத்தது ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணி. எங்களுக்கு ஐந்து மணிக்கு பஸ். அது அவருக்குத் தெரியும். முதல் நாளே "டிக்கெட் எத்தனை மணிக்கு?" என்று அக்கறையாகக் கேட்டிருந்தாரே. நாலேகால் வரைக்கும் மெக்கானிக் வரவில்லை என்று உட்கார வைத்தார். பிறகு வந்த ஆள் வண்டியைச் சரியாகக்கூடப் பார்க்காமல் ஒரு காகிதத்தை நீட்டினான். டேங்க் ஒடுக்கு 8,000, முன்சக்கர ரிம் 7,500, கிளட்ச் பிளேட் 6,000, சைலன்சர் கீறல் 3,000, கழுவ, சர்வீஸ் செய்ய 2,000. மொத்தம் 26,500.

நாங்கள் ஒரு தடவைகூட விழவில்லை. மச்சான் இந்தியில் கத்திப் பார்த்தான். அவர் அமைதியாகக் கையெழுத்துப் போட்ட பாரத்தைக் காட்டினார். ஆதார் அட்டைகள் இன்னும் டிராயருக்குள். பிரேக் மாற்றிய விஷயத்தைச் சொன்னதும், "என் ஒரிஜினல் பேட் எங்கே?" என்று கேட்டார் பாருங்கள், அப்போதுதான் வாத்தியார் கைக்குட்டையை அவிழ்த்து அந்தத் தகடை மேசைமேல் வைத்தான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. இதை நீங்க தெரிஞ்சே கொடுத்தீங்களா, தெரியாம கொடுத்தீங்களா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான். தமிழில்தான் சொன்னான். மச்சான் மொழிபெயர்த்தான். அவர் தகடையும் பார்க்கவில்லை, இவன் முகத்தையும் பார்க்கவில்லை.

எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியது ஒரு வீடியோ. கிளம்பிய அன்று சுரங்கத்தைத் தாண்டி வெயில் வந்த இடத்தில் வாத்தியார் குரங்குத் தொப்பியோடு, "பாப்பா, அப்பா குதிரை பாரு" என்று பிள்ளைகளுக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருந்தான். அதில் டேங்க் ஒடுக்கு பளிச்சென்று தெரிகிறது, நேரமும் தேதியும் இருக்கிறது. அதைக் காட்டியதும் 8,000 குறைந்தது. மற்றவற்றுக்கு எங்களிடம் எதுவும் இல்லை. 18,500 பிடித்துக்கொண்டு 11,500 கொடுத்தார். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம். வாங்கிக்கொண்டு ஓடினோம்.

மதுரைக்கு வந்து, வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த வெள்ளை பிளேட் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். தனியார் பயன்பாட்டு வண்டி, இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம். வாடகைக்கு பைக் விட 1997-ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும், வண்டியும் அதற்கென்று பதிவாகியிருக்க வேண்டும். அன்றைக்கு அந்த இறக்கத்தில் ஏதாவது ஆகியிருந்தால் வாத்தியார் குடும்பம் யாரிடம் போய்க் கேட்டிருக்கும்? இன்சூரன்ஸே உயிரோடு இருந்திருந்தாலும், தனியார் வண்டியை வாடகைக்கு விட்டதைக் காட்டிக் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. கடை வாசலிலேயே இரண்டு நிமிஷத்தில் பார்த்திருக்கக்கூடிய விஷயம் இது.

ஆகவே போகிறவர்கள் வெயில் வந்த பிறகு வண்டியை எடுங்கள், ஒரு மணி நேரம் தாமதமானால் மலை எங்கும் ஓடிவிடாது. துணியால் துடைக்கச் சொல்லி, கடைக்காரர் குரலும் பதிவாகும்படி சக்கரம், ரிம், டேங்க், சைலன்சர், கிலோமீட்டர் மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். டார்ச் அடித்து பேடின் தடிமனைப் பாருங்கள். அசல் ஆதாரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், நகல் போதும். ஒப்படைக்கிற நாளில் ஊருக்குக் கிளம்ப டிக்கெட் போடாதீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்பதையும் சொல்லாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இதற்காக ஹிமாசலத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் மதுரையில் போட்டிருக்கிறோம். பேடும் வீடியோவும் சாட்சி.

அந்த வெள்ளை பிளேட் ஹிமாலயன் இப்போதும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். டேங்கின் இடது பக்கம், முழங்கால் ஒட்டுகிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஒடுக்கு இருக்கும். அதை உங்களிடம் தள்ளிவிட வந்தால் சாவியைக் கையால் தொடாதீர்கள்.