மொத பாட்காஸ்ட்: எந்த மைக், எதுல எடிட், எங்க அப்லோட்?

ஒன்பதாவது பிள்ளைங்களுக்கு அறிவியல் பாடத்த பத்து பத்து நிமிஷ பாட்காஸ்ட்டா, அதாவது வேணும்ங்கிறப்ப போன்ல கேக்குற ஆடியோ தொடரா, போடலாம்னு ஆரம்பிச்சேங்க, பாடம் சொல்றதுல ஒரு கஷ்டமும் இல்ல, அதான் தினமும் பண்றதாச்சே, ஆனா எந்த மைக் எந்த ஆப் எங்க அப்லோட்னு முடிவு பண்றதுக்குள்ளயே ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. யாராச்சும் புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா அந்த ரெண்டு வாரம் மிச்சமாகட்டும்.

மொதல்ல மைக். தெரிஞ்சவங்ககிட்ட யூஎஸ்பி கண்டென்சர் மைக் (கம்ப்யூட்டர்ல நேரா சொருகுற, சின்ன சத்தத்தையும் பிடிக்கிற மைக்) ஒன்னு இரவல் வாங்கி டேபிள்ல வெச்சு ஒரு அடி தள்ளி உக்காந்து பேசினேன், என் குரல் நல்லாத்தான் வந்துச்சு, கூடவே சீலிங் ஃபேன், பக்கத்து வீட்டு குக்கர் விசில், தெருவுல போன பால்காரர் ஹாரன் எல்லாம் அத விட நல்லா வந்துச்சு. அப்புறம் போன்ல மாட்டுற சாதா காலர் மைக்ல அதே பாடத்த பேசிப் பாத்தா குரல் மட்டும் முன்னாடி நிக்குது. காலர் மைக் பெரிய மைக்னு இல்ல, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்தான் தூரம், அவ்ளோதான் ரகசியம். மைக் விலைய விட அந்த தூரம்தான் முக்கியம். ஆனா அதுலயும் ஒரு நாள் 40 நிமிஷம் பேசி முடிச்சு கேட்டா வரிக்கு வரி சரக் சரக்னு துப்பட்டா உரசுற சத்தம், மொத்தமும் வேஸ்ட், திரும்ப மொதல்லருந்து பேசினேன். இப்போ துப்பட்டாவ கழட்டி வெச்சுட்டு, பீரோ கதவ திறந்து வெச்சு, புடவை அடுக்குக்கு நேரா உக்காந்துதான் பேசுறது. துணி எதிரொலிய குடிச்சிடும், ஃபோம் ஒட்டுற செலவே வேணாம்.

எடிட்டிங்ல போன் ஆப்பா, கம்ப்யூட்டர்ல ஓடுற ஆடாசிட்டியான்னா, வீட்ல ஒரு பழைய லேப்டாப் இருந்தாக்கூட ஆடாசிட்டிதான். 2000-ல இருந்து இருக்குற சாஃப்ட்வேர், முழுசா இலவசம், பெரிய கம்ப்யூட்டரும் கேக்காது. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு 5 செகண்ட் சும்மா இருங்க, அந்த இடத்த மட்டும் செலக்ட் பண்ணி நாய்ஸ் ரிடக்ஷன்ல (இரைச்சல குறைக்கிற வசதி) இதுதான் சத்தம்னு காட்டிட்டு, அப்புறம் முழுசும் செலக்ட் பண்ணி ஓட்டினா ஃபேன் இரைச்சல் அடங்கிடும். ரொம்ப ஏத்தினா கெணத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி ஆயிடும், ஜாக்கிரத. கடைசியா எம்பி3 ஃபைலா, மோனோவுல (ஒரே சேனல்), 64 கேபிபிஎஸ்ல (ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கிற கணக்கு) எடுத்தா பத்து நிமிஷம் 5 எம்பிக்குள்ள நிக்கும், பேச்சுக்கு அது தாராளம். போன் ஆப்ல வெட்டி ஒட்டலாம், ஆனா சின்ன ஸ்க்ரீன்ல ஒரு இருமல வெட்டப் போயி பாதி வார்த்தைய வெட்டிடுவோம்.

இப்போ பெரிய சண்டைக்கு வருவோம், யூடியூபா, பாட்டும் பாட்காஸ்ட்டும் கேக்குற ஸ்பாட்டிஃபை ஆப்பா.

யூடியூப் பக்கம் பேசுறவங்க சொல்றது ரெண்டு. ஒன்னு, எல்லார் போன்லயும் அது இருக்கு, என் பிள்ளைங்க கேக்குறதே அம்மா போன்லதான், அதுல வேற ஆப் போட அம்மா விட மாட்டாங்க. ரெண்டாவது, பாடத்துக்கு படம் வேணும். மொதலாவது நூத்துக்கு நூறு உண்மை. ரெண்டாவதுல எனக்கு பாதிதான் சம்மதம். மொத எபிசோடுல பழக்க தோஷத்துல "இந்த படத்த பாருங்க"ன்னு மூணு தடவ சொல்லி வெச்சிருந்தேன், எந்த படத்த? அப்புறம் குழி ஆடிக்கு ஒரு எவர்சில்வர் கரண்டிய எடுத்துட்டு வர சொன்னேன், குழிஞ்ச பக்கத்துல மூஞ்ச பாரு, தலகீழா தெரியுதா, இப்போ திருப்பி முதுகுப் பக்கம் பாரு, நேரா சின்னதா தெரியும், அது குவி ஆடி. படமே வேணாம், கைல கரண்டி இருக்கு. ஒளி போற பாதைய கோடு போட்டு காட்டுற கதிர்ப்படம் வர்ற பாடம்னா மட்டும் யூடியூப்தான், அங்க ஆடியோ தோத்துடும்.

ஆனா யூடியூப்ல ஒரு பெரிய இடைஞ்சல், ப்ரீமியம் காசு கட்டலைன்னா ஸ்க்ரீன ஆஃப் பண்ணதும் சத்தம் நின்னுடும். அம்மா போன், சார்ஜ் 20 பர்சன்ட், அதுல ஸ்க்ரீன எரிய விட்டு பாடம் கேக்குறது நடக்குற காரியமா. ஸ்பாட்டிஃபைல காசு கட்டாமயே பாட்காஸ்ட்ட டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம், ஸ்க்ரீன் ஆஃப்ல ஓடும், பஸ்ல நெட் இல்லன்னாலும் ஓடும்.

இன்னொரு விஷயம், இதத்தான் யாரும் மொதல்ல சொல்லித் தர்றதில்ல. ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் மாதிரி ஒரு ஹோஸ்ட்ல, அதாவது நம்ம ஆடியோவ நெட்ல வெச்சிருக்குற சர்வீஸ்ல, போட்டா ஆர்எஸ்எஸ் ஃபீட்னு ஒரு அட்ரஸ் கிடைக்கும், மத்த ஆப் எல்லாம் அங்க வந்துதான் எபிசோட எடுத்துக்கும். ஸ்பாட்டிஃபைல அந்த ஃபீட செட்டிங்ஸ்ல போயி நாமதான் ஆன் பண்ணணும். இதே சர்வீஸ் ஆங்கர்னு இருந்து, 2019-ல ஸ்பாட்டிஃபை வாங்கி, 2023-லயும் 2024-லயும் பேர் மாறிடுச்சு. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல கடைய மூடிட்டாங்க. ஃபீட் வெச்சிருந்தவங்களுக்கு ஒரு ஆப் போச்சு, அவ்ளோதான், எபிசோட் எதுவும் போகல. ஹோஸ்ட் பிடிக்கலைன்னா பழைய அட்ரஸ்ஸ புதுசுக்கு திருப்பி விட்டுட்டு கேக்குறவங்களோட கெளம்பிடலாம். யூடியூப்ல மட்டும் போட்டிருந்தா தூக்கிட்டு போக அப்படி ஒரு அட்ரஸ்ஸே இல்ல.

இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற ஆன்லைன் நூலகத்துல இலவசமா ஏத்திட்டு ஃபீட கையால எழுதுறவங்களும் இருக்காங்க, கோடிங் பிடிக்கும்னா பண்ணுங்க, எனக்கு பொறுமை இல்ல. வாட்ஸப் வாய்ஸ் நோட் மொத ரெண்டு பாடத்த சோதிச்சுப் பாக்க அருமை, புரியலைன்னா பிள்ளைங்க உடனே திட்டும், ஆனா ஒரு மாசம் கழிச்சு அந்த க்ரூப்ல தேடிப் பாருங்க, குட் மார்னிங் படத்துக்கு அடில எங்கயோ கெடக்கும்.

அதனால நான் பண்றது, ஹோஸ்ட்ல ஏத்துறேன், அதே ஃபீட யூடியூபுக்கும் குடுத்திருக்கேன், கவர் படத்த வெச்சு அதுவே வீடியோ ஆக்கிக்குது, லிங்க் மட்டும் வாட்ஸப்ல போகும். ஆப்பிளோட பாட்காஸ்ட் ஆப்புக்கு அனுப்ப ஐபோன் தேவையில்ல, ஆப்பிள் அக்கவுன்ட் (முன்னாடி ஆப்பிள் ஐடின்னு இருந்தது) போதும், ஆனா கவர் சதுரமா 1400-லருந்து 3000 பிக்சலுக்குள்ள இருக்கணும். என்னோட மொத கவர் சின்ன படத்த இழுத்து பெருசாக்கினது, மங்கலா இருந்துச்சு. இப்போ அந்த கரண்டியவே ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து போட்டுட்டேன், உத்துப் பாத்தா அதுல நான் தலகீழா தெரிவேன்.