பூசண ஸ்பிரே: டைல்ஸ் இடுக்குக்கு வாங்கலாம், சுவருக்கு வேண்டாம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து ஒண்டுக் குடித்தன வீடுகளில் பாத்ரூம் மூலையும் பீரோவுக்குப் பின்சுவரும் கறுத்துப் போகும். அதற்கென்று விற்கும் ஸ்பிரே பாட்டில்களில் பலவற்றில் இருக்கும் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது குளோரின் பிளீச்தான். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் இந்த விமர்சனம் அதற்கும் பொருந்தும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். நாளாக ஆக, அதுவும் வெயிலில் கிடந்தால், குளோரினின் வீரியம் இறங்கிவிடும்.

டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் கறுத்திருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எடுத்ததும் அடிக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்த பிறகே அடிக்க வேண்டும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், பூசணத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் பட்டதை உடனே கழுவாவிட்டால் அரித்துவிடும். தலைக்கு மேலே உள்ள இடத்தில் நேராக அடித்தால் துளி கண்ணில் விழும். ஸ்பாஞ்சில் நனைத்துத் துடைப்பதே சரி. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். வாஷ்பேசினைச் சுற்றியுள்ள சிலிக்கான் உள்ளுக்குள் கறுத்திருந்தால் எந்த ஸ்பிரேக்கும் போகாது. அறுத்தெடுத்துப் புதிதாக வைக்க வேண்டியதுதான்.

இனி சொல்வதைத் தயவுசெய்து விடாமல் படியுங்கள். இந்தப் பக்கம் போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றாத பாத்ரூம் குறைவு. தெருவில் வண்டியில் விற்கும் ஆசிட் லேபிளே இல்லாத பாட்டிலில் வருகிறது. கடையில் வாங்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அது தரையிலோ சாக்கடை வாயிலோ மிச்சம் இருக்கும்போது இந்த ஸ்பிரே பட்டால் குளோரின் வாயு கிளம்பும். வென்டிலேட்டர் மட்டுமே உள்ள நாலடி பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். அமோனியா கலந்த கிளீனரும் கூடாது. நெடி ஏறினால் கழுவி விடலாம் என்று நிற்காமல் வெளியே வாருங்கள். மூச்சு திணறினால் 108.

சுவர் விஷயத்தில் பாட்டில் ஏமாற்றுகிறது. டிஸ்டெம்பரும் பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். குளோரின் மேலோடு நின்றுவிட, அதோடு வந்த தண்ணீர் உள்ளே இறங்கும். கறுப்பு வெளுக்கும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்பப் பூக்கும். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் பாருங்கள். கரைந்தால் அது உப்பு. அடிச்சுவரில் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம், ஸ்பிரேக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடையுங்கள்: பைப் கசிவா, மொட்டைமாடி விரிசலா, சன்ஷேட் ஒழுக்கா. பீரோவை ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு N95 மாஸ்க் போட்டு, சுவரை லேசாக நனைத்து, கெட்டுப்போன பட்டியைச் சுரண்டுங்கள். உலர்ந்தபடியே தேய்த்தால் பூசணத் தூள் வீடு முழுக்கப் பறக்கும், ஃபேனும் ஓடக் கூடாது. பெயிண்டர்கள் செய்வது போல, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துப் பூசி, ஜன்னலைத் திறந்தே வைத்து 10–12 மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே பிரைமர். இதற்கும் ஆசிட் எச்சரிக்கை அப்படியே பொருந்தும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் ஆளை வைத்துச் செய்வதே நல்லது.

வெள்ளத்தில் ஊறிப் பூத்த மெத்தைக்கும் பிளைவுட்டுக்கும் இந்த ஸ்பிரேயை அடித்துக் காசை வீணாக்காதீர்கள். அவற்றைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

மிச்சமானதை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காமல், அதே பாட்டிலில், ஆசிட் வைக்காத அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.