புயல் போன பிறகு அலறிய ரேடியோ: 432 டாலர் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

டாலஸ் பக்கம் இருக்கும் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. ஒரு ரேடியோவாம், டொர்னேடோ (சுழல்காற்று), வெள்ளம் எது வந்தாலும் வீட்டுக்குள் அலாரம் அடிக்குமாம், வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவார்களாம். 2025 ஜூலை 4 அதிகாலையில் கெர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) குவாடலூப் ஆறு பெருகி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியதிலிருந்து டெக்சஸில் எல்லோருக்குமே பயம்தான். குழந்தைகளும் வயதான அப்பா அம்மாவும் இருக்கிற வீட்டில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த விளம்பரத்தின் கீழே இருக்கும் நம்பர் எனக்கு நன்றாகத் தெரிந்த நம்பர். நேற்றுகூட ஒருவர் "இவரிடம் வாங்கலாமா?" என்று குழுவில் கேட்டிருந்தார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் ஆள் பெயரும் கம்பெனி பெயரும் இங்கே வேண்டாம்.

2024 மே 25, சனிக்கிழமை இரவு. எங்கள் ஊருக்கு வடக்கே வேலி வியூ பக்கம் டொர்னேடோ அடித்து குக் கவுண்டியில் 7 பேர் இறந்தார்கள். அதில் சின்னக் குழந்தைகளும் உண்டு. நாங்கள் இருப்பது ஃபிரிஸ்கோவில். அப்போதுதான் தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருந்தார். கீழறையில் அம்மா, மாடியில் நாங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் நிலவறை கிடையாது. இரவில் ஏதாவது வந்தால் எப்படித் தெரியும் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரில் சைரன் இருக்கிறதே என்றால், அது வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது. ஜன்னலை மூடி ஏசி ஓடும் வீட்டுக்குள் கேட்கும் என்று நம்பிப் படுக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் குழுவில் அந்த விளம்பரக்காரரின் நம்பர் வந்தது. நம் ஊர்க்காரர், தமிழில் பேசினார், அம்மாவைப் பார்த்ததும் "நல்லா இருக்கீங்களாம்மா" என்று விசாரித்தார், காபி குடித்தார். ஒரு வெள்ளை ரேடியோவைச் சமையலறை மேடையில் வைத்து ப்ளக்கில் சொருகி, ஐந்து நிமிடம் பட்டன்களை அமுக்கினார். "அண்ணே, இனி நிம்மதியாத் தூங்குங்க. எங்க சர்வர்ல உங்க வீட்டைச் சேர்த்துட்டேன்" என்றார். ரேடியோவும் பொருத்துவதும் சேர்த்து 289 டாலர். அதை அங்கேயே பாங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பினேன். அதற்கு மேல் 'கண்காணிப்புக் கட்டணம்' மாதம் 12.99, அது கார்டில்.

அவர் என்னிடம் வைஃபை பாஸ்வேர்டே கேட்கவில்லை. இன்டர்நெட்டே இல்லாத பெட்டி எந்த சர்வரோடு பேசும்? பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான், எனக்கு அது உறைக்கவில்லை. நம்மவர் என்ற நம்பிக்கை கண்ணை மறைத்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. அதே வருடம் அக்டோபர் 4, விடிகாலை 5 மணிக்குச் சற்று முன்னால் டெக்சஸ் முழுக்க எல்லா போனும் அலறியது ஞாபகம் இருக்கும். எங்கோ வடக்கு மூலையில், ஹால் கவுண்டியில் போலீஸ் அதிகாரி ஒருவர் சுடப்பட்டதற்கான புளூ அலர்ட் அது. அன்று என்னைப் போல எத்தனையோ பேர் போனில் அவசர அறிவிப்புகளை நிறுத்திவைத்தார்கள். அம்மா பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரேடியோதான் இருக்கே" என்று சொல்லி என் போனிலும் மனைவி போனிலும் நானே நிறுத்தினேன். காசு போனதைவிட எனக்கு இன்றும் மனசு ஆறாதது இதுதான். உருப்படியாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை, வேலையே செய்யாத ஒன்றை நம்பி அணைத்தேன்.

2025 வசந்த காலத்தில் ஓர் இரவு. மணி 1:40 இருக்கும். எதிர்வீட்டுத் தெலுங்கு நண்பர் போனில் கூப்பிட்டார். "இன்னும் படுத்திருக்கீங்களா? டொர்னேடோ வார்னிங் போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு" என்றார். கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முழங்கால் வலியோடு அம்மா மெதுவாக எழுந்து வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில், பெட்டிகளுக்கு நடுவில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். போகிற வழியில் சமையலறையைப் பார்த்தேன். ரேடியோவில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

கடவுள் புண்ணியத்தில் எங்கள் தெருவில் டொர்னேடோ இறங்கவில்லை. பின்பக்க வேலி சாய்ந்தது, கார் கண்ணாடி போனது, அவ்வளவுதான். மழை விட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, எல்லோரும் சோபாவில் உட்கார்ந்த பிறகு, 2:05-க்கு, ரேடியோ அலறியது. பையன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அவருக்கு போன் செய்தேன். "அலாரம் அடிச்சிருக்கே அண்ணே, அப்ப வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றார். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, மறுபடி ப்ரோகிராம் செய்ய வர வேண்டும், அதற்கு 75 டாலர் விசிட் சார்ஜ் என்றார். போனை வைத்துவிட்டு நானே ரேடியோவைக் கையில் எடுத்தேன். முன்பக்கம் அவர் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அம்மா தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு உரித்தார். அடியில் உண்மையான பிராண்டும் மாடல் எண்ணும் இருந்தன. கடையில் அதன் விலை 35 டாலர். பின்பக்க மூடியைத் திறந்தால் மூன்று பேட்டரி போடும் இடம் காலி. அன்று கரண்ட் போயிருந்தால் 2:05-க்குக்கூட அது அலறியிருக்காது.

அன்று முழுக்க அந்த மாடலின் கையேட்டைப் படித்தேன். அவர் சொல்லாதது எல்லாம் அதில் இருந்தது.

இந்த ரேடியோ பிடிக்கும் ஒலிபரப்பை நடத்துவது அமெரிக்க அரசின் தேசிய வானிலை சேவை. நோவா வெதர் ரேடியோ என்று பெயர். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள், 162.400-இலிருந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள். எங்கள் பக்கத்துக்கு டாலஸ் கோபுரம் 162.400, ஃபோர்ட் வொர்த் கோபுரம் 162.550. இருபத்து நாலு மணி நேரமும் வருகிறது, சந்தா கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது, யாரும் யாரையும் 'சர்வரில் சேர்க்க' முடியாது. மாதக் கட்டணம் என்று யார் கேட்டாலும், காற்றில் இலவசமாக வருவதற்குத்தான் காசு கேட்கிறார்.

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் முன்னால் கரகரவென்று மூன்று முறை ஒரு சத்தம் வரும். அதற்குள் எந்தக் கவுண்டிக்கு எச்சரிக்கை என்ற ஆறு இலக்க எண் ஒளிந்திருக்கிறது. சேம் கோட் என்பார்கள். முதல் இலக்கம் 0 என்றால் முழுக் கவுண்டி, அடுத்த இரண்டும் மாநிலம், டெக்சஸுக்கு 48, கடைசி மூன்றும் கவுண்டி. நம் ரேடியோவில் பதிந்திருக்கும் எண்ணோடு அது பொருந்தினால்தான் அலறும். பொருந்தாவிட்டால் பேசாமல் இருக்கும்.

என் ரேடியோவில் இருந்த எண் 048085. அது காலின் கவுண்டி. ஃபிரிஸ்கோ என்றால் காலின் என்று அவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஃபிரிஸ்கோ இரண்டு கவுண்டிகளில் கிடக்கிற ஊர். ஊரின் மேற்குப் பகுதி டெண்டன் கவுண்டி. என் வீடு அங்கேதான். வருடா வருடம் சொத்து வரி டெண்டனுக்குத்தான் கட்டுகிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டெண்டனின் எண் 048121. இங்கே புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் நகரும். அதனால் முதல் வார்னிங் டெண்டனுக்கு வந்தது, ரேடியோ வாய் திறக்கவில்லை. புயல் எங்களைத் தாண்டி காலினுக்குள் போனது, அங்கே வார்னிங் போட்டார்கள், அப்போது எங்கள் வீட்டில் அலறியது.

2007-இலிருந்து வார்னிங்கைப் புயல் போகும் பாதையைச் சுற்றிக் கோடு போட்டு, கவுண்டியின் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். போனுக்கு வரும் எச்சரிக்கை அந்தக் கோட்டை வைத்து வருகிறது. ரேடியோ இன்னும் கவுண்டி எண்ணைத்தான் பார்க்கிறது. ஆகவே கவுண்டி எல்லையில் குடியிருப்பவர்களுக்கு அந்த எண் உயிர் மாதிரி. போன் எச்சரிக்கையையும் தயவுசெய்து திரும்பப் போட்டு வையுங்கள். இரண்டும் வேண்டும்.

அவர் வேலையைச் சரிபார்க்க எனக்குப் பதினொரு மாதம் இருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் வழக்கமாகப் பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் சோதனைச் செய்தி அனுப்புகிறார்கள். அன்று வானிலை மோசமாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். சோதனை வந்தால் பல ரேடியோக்கள் திரையில் எழுத்தில் காட்டும், சில சின்னதாக பீப் அடிக்கும். ஒரு மாதம் கவனித்தும் ஒன்றுமே வரவில்லை என்றால் அலைவரிசையோ எண்ணோ தவறு. ஆனால் என் விஷயத்தில் அதிலும் ஒரு சிக்கல். சோதனைச் செய்தி ஒரே நேரத்தில் பல கவுண்டிகளுக்கும் போகிறது, ஆகவே காலின் எண்ணுக்கும் அது வந்திருக்கும். சோதனை வருகிறது என்பதோடு நிறுத்தாமல் மெனுவுக்குள் போய் எந்த எண் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

இப்போது டெண்டன், காலின் இரண்டையும் போட்டிருக்கிறேன், பையனின் பள்ளி காலின் பக்கம் இருப்பதால். முதலில் எந்தக் கவுண்டி என்றாலும் அலறட்டும் என்றுதான் வைத்தேன். இரண்டே நாளில் எங்கோ இருக்கும் கவுண்டிகளுக்கெல்லாம் நடுராத்திரியில் கத்தியது. அப்படி விட்டால் ஒரு வாரத்தில் நாமே ப்ளக்கைப் பிடுங்கிவிடுவோம். புது பேட்டரி மூன்று போட்டேன். சமையலறையிலிருந்து எடுத்து அம்மா அறைக்கு வெளியே ஜன்னல் ஓரம் வைத்து ஆன்டெனாவை நீட்டியதும் குரல் தெளிவாக வந்தது. எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை.

கையால் சுற்றும் கிராங்க் ரேடியோ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் பலர் அதைத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஆன்லைனில் நோவா, எமர்ஜென்சி, அலர்ட் என்று பெரிய எழுத்தில் விற்பார்கள். அவற்றில் பல ஏழு அலைவரிசையையும் கேட்க மட்டுமே உதவும். இரவில் தானாக நம்மை எழுப்பாது. அதில் இருக்கும் சைரன் பட்டன் நாம் உதவி கேட்டு ஒலி எழுப்ப. என் நண்பர் அதை வாங்கித் தலைமாட்டில் வைத்து ஒரு வருடம் நம்பிப் படுத்திருந்தார். கரண்ட் இல்லாத நேரத்துக்கு அது நல்லதுதான். தூங்கும்போது எழுப்ப சேம் கோட் போடக்கூடியது வேண்டும். அட்டையில் 'பப்ளிக் அலர்ட்' முத்திரை இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம்.

பணம்? கார்டு கம்பெனியிடம் முறையிட்டதில் கடைசி இரண்டு மாதக் கட்டணம் 25.98 டாலர் திரும்பி வந்தது. பாங்க் டிரான்ஸ்ஃபரில் போன 289 வரவே இல்லை. நாமே சம்மதித்து அனுப்பிய பணம் என்று பாங்க் கை விரித்துவிட்டது. எனக்குத் தாமதமாகத் தெரிந்த ஒரு விஷயம்: வீட்டுக்கு வந்து 25 டாலருக்கோ அதற்கு மேலோ பொருள் விற்றால், நாமே கூப்பிட்டிருந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய மத்திய அரசு விதி இடம் தருகிறது. விற்பவர் ரத்துப் படிவம் இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு ரசீதுகூடக் கொடுக்கவில்லை. டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். அவரிடம் வாங்கியவர்கள் நீங்களும் கொடுங்கள், ஆன்லைனிலேயே கொடுக்கலாம்.

அம்மாவுக்கு ரேடியோவில் பேசும் ஆங்கிலம் புரியாது. அலறினால் கேள்வி கேட்காமல் படிக்கட்டு அறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு நாற்காலியும் டார்ச்சும் அவர் மாத்திரைப் பையும் இருக்கின்றன. புதன்கிழமை சோதனையை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் ஆபீஸில் இருந்தால் போன் வரும்: "தம்பி, பெட்டி கத்திடுச்சு."

ஃபிரிஸ்கோ, லிட்டில் எல்ம், பிளேனோ பக்கம் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் குழுவில் எனக்குச் செய்தி போடுங்கள். சனிக்கிழமை வந்து ரேடியோவில் சரியான எண்ணைப் போட்டுக்கொடுக்கிறேன், காசு வேண்டாம். ரேடியோவை மட்டும் கடையில் நீங்களே வாங்கி வையுங்கள், சொத்து வரி ரசீதில் என்ன கவுண்டி போட்டிருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.