அடுக்களை ஸ்டோருக்கு இழுப்புக் கூடை: மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளுக்கு ஒத்துவருமா?

மார்த்தாண்டம், களியக்காவிளை ஹார்டுவேர் கடைகளில் 'டால் யூனிட்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது இதைத்தான்: ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம், அதில் மாட்ட ஐந்தாறு கம்பிக் கூடைகள், முழுச் சுமையையும் தாங்கக் கீழே ஒரு கனத்த சேனல் (சட்டம் வழுக்கி ஓடும் இரும்புத் தடம்), சட்டம் சாயாமல் இருக்க மேலே ஒரு வழிகாட்டி, கதவைப் பிடிக்கப் பிராக்கெட்டுகள். கதவை இழுத்தால் கூடைகள் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். இரண்டு பக்கமும் நின்று எடுக்கலாம். பின்வரிசையில் மறந்துபோய் வண்டு பிடித்த உளுந்து என்ற பேச்சே இருக்காது. அந்த வகையில் காசுக்குத் தகுந்த சாமான்தான். ஆனால் அரிசி மூட்டை சுமப்பது இதன் வேலையில்லை. இந்த ஊர்ப்பக்கம் புகார் வரும் யூனிட்டுகளில் பெரும்பாலும் பழுது சாமானில் இருக்காது. ஏற்றிய பாரத்திலோ மாட்டிய விதத்திலோதான் இருக்கும்.

முதலில் அளவு. இவை 300, 400, 450, 600 மி.மீ. அகலப் பெட்டிகளுக்கென்று வருகின்றன. நம் பக்கத்துப் பழைய வீடுகள் கோல் கணக்கில் கட்டியவை. ஒரு கோல் 72 செ.மீ., அதில் 24 விரல். ஒரு கோல் அகலத்தில் விட்ட ஸ்டோர் மாடத்தில் இரண்டு பக்கப் பூச்சும் போனால் கையில் 68, 69 செ.மீ.தான் நிற்கும். அங்கே 600 யூனிட் போட்டால் மிச்சம் வீண். 450 யூனிட்டும் பக்கத்தில் 200 மி.மீ. பாட்டில் புல்-அவுட்டும் சேர்த்தால் 650. மீதியைப் பட்டை வைத்து மூடிவிடலாம். எண்ணெய், வினிகர் குப்பிகளுக்கு அந்தச் சின்னது தாராளம். உள் ஆழம் 500 மி.மீ. வேண்டும் என்று பெரும்பாலான செட்டுகள் கேட்கும். மாடம் 450தான் ஆழம் என்றால் இந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுங்கள். கூடையை வெட்டிக் குறைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இனி பாரம். அட்டையில் 100 கிலோ என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய 450 × 2000 கதவே ஏறத்தாழ 13 கிலோ வரும். கீழ்க்கூடையில் பத்து லிட்டர் டப்பா இரண்டில் சிவப்பரிசி என்றால் 16 கிலோ. ஐந்து லிட்டர் தேங்காயெண்ணெய் நாலரைக் கிலோவுக்கு மேல். பருப்பு வகை எட்டு, கருப்பட்டி மூன்று, ஊறுகாய், மசாலா, கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் பத்து. ஆக மொத்தம் 55ஐ நெருங்கிவிட்டது. இன்னும் 45 மிச்சம் இருக்கிறதே என்று 25 கிலோ அரிசிப் பையைக் கீழே திணிப்பார்கள். அங்கேதான் வினை. அந்த 100 கிலோ என்பது எல்லாக் கூடையிலும் சமமாகப் பரவிய பாரத்துக்கு, மட்டமாக மாட்டிய சேனலுக்கு. முழுதாக வெளியே இழுத்த நிலையில் அத்தனை சுமையும் பெட்டிக்கு முன்னால் தொங்குகிறது. வெடுக்கென்று இழுக்கும்போது சேனலில் விழும் அடி இன்னும் பெரிது. கதவின் கீழ்முனை இரண்டு மூன்று மி.மீ. இறங்கி, பக்கத்துக் கதவோடு உள்ள இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி தெரிய ஆரம்பித்தால் சேனல் வாயைப் பிளக்கிறது என்று அர்த்தம். அரிசிக்குத் தரையில் தனி டிரம்தான் நல்லது. கருவாட்டையும் இதில் வைக்காதீர்கள். காரணம் வாசனை மட்டுமல்ல, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு.

மாட்டுவதில் முதல் விதி: சுவர்ப் பூச்சிலோ கடப்பாக் கல்லிலோ நேராகத் திருகக் கூடாது. மாடத்தின் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதை எடுங்கள். மூலைக்கு மூலை அளவையும் பாருங்கள், ஒரு செ.மீ. கோணல் சர்வசாதாரணம். அந்தச் சிறிய அளவிலிருந்து பக்கத்துக்கு 5 மி.மீ. விட்டுத் தனிப் பிளைவுட் பெட்டி செய்து உள்ளே நிறுத்தி, இடைவெளியில் கட்டை கொடுத்து இறுக்க வேண்டும். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை, அதாவது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர முத்திரை, இருக்கட்டும். வருஷத்தில் இரண்டு பருவமழையும் பார்க்கும் மாவட்டம் இது. சாதாரண எம்.ஆர். (ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும்) பலகையும் பார்ட்டிகிள் போர்டும் ஈரத்தில் ஊதி, திருகைக் கைவிட்டுவிடும். அறுத்த ஓரங்களுக்கும் பூச்சு வேண்டும்.

பெட்டியைத் தரையில் உட்கார்த்தாமல் 100 மி.மீ. பி.வி.சி. கால்களில் நிறுத்துங்கள். நான்கு மூலைக்கும் நான்கு கால் போதாது. சேனல் ஓடும் கோட்டுக்கு நேர் கீழே இன்னும் இரண்டு வேண்டும். இல்லையென்றால் அடிப்பலகை நடுவில் தொய்யும். கழுவிவிடும் அடுக்களைத் தரை எப்போதும் ஒரு பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும். ரசமட்டம் வைத்துக் காலைத் திருகிச் சரிசெய்யுங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் கதவு தானாகத் திறந்து வரும். பின்பக்கம் தாழ்ந்தால் ஒவ்வொரு முறையும் மேட்டில் வண்டி இழுப்பது போல இருக்கும்.

அடிப்பலகையில் நடுக்கோடு கிழித்து, தூக்குக்குண்டு விட்டு அதையே மேற்பலகைக்கு ஏற்றுங்கள். கீழ்ச் சேனலை முன் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று செட்டோடு வரும் தாளில் இருக்கும், கண்மட்டம் உதவாது. 4 மி.மீ. திருகுக்கு 2.5 அல்லது 3 மி.மீ. துளை முதலில் போட வேண்டும். 18 மி.மீ. பலகையில் 16 மி.மீ. திருகு மறுபக்கம் எட்டிப் பார்க்காது. மேல் வழிகாட்டியை முதலில் இரண்டே திருகில் தளர்வாகப் பிடித்து, சட்டத்தை ஏற்றி, பத்துத் தடவை முழுதாக இழுத்து மூடிய பிறகே இறுக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலிலேயே முடுக்கிவிட்டு, பிறகு 'சாஃப்ட் குளோஸ் வேலை செய்யவில்லை' என்று, கதவை மெதுவாக மூடவைக்கும் டாம்பரைக் குறை சொல்லும் ஆசாரிகள் உண்டு. மேலும் கீழும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் சட்டம் உரசும், டாம்பர் என்ன செய்யும்?

பெட்டியைச் சுவரோடு கட்டாமல் பாரம் ஏற்றவே கூடாது. முழுதாக இழுத்தால் பெட்டியே முன்னால் கவிழப் பார்க்கும். செங்கல், கான்கிரீட் என்றால் பிளக்கும் நீளத் திருகும் போதும். வெட்டுக்கல் சுவரில் சின்னப் பிளக் நிற்காது, துளை பொடிந்து அகலமாகிவிடும். நீளமான ஃப்ரேம் ஆங்கர் (நீளப் பிளக்கும் திருகும் சேர்ந்தது) போடுங்கள். மேலே லாஃப்ட் கான்கிரீட் இருந்தால் அதோடு ஆங்கிள் வைத்துப் பிடிப்பது இன்னும் உறுதி. கதவு அகலம் பெட்டியைவிட 3 மி.மீ. குறைவு, அதாவது 447. கைப்பிடி சட்டத்தின் நடு உயரத்தில் வரட்டும். உச்சியில் வைத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் சட்டம் ஆடும்.

துரு விஷயம். தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் குரோம் பூசிய இரும்புக் கம்பி முதலில் வெல்டு வைத்த முனைகளில்தான் பழுக்கும். கல்லுப்புப் பரணியை வைத்த கூடையில் இன்னும் சீக்கிரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடை வாங்கினால் 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பது மட்டும் சாட்சி ஆகாது: நிக்கல் குறைவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அடியில் தகடு வைத்த கூடை கம்பிக் கூடையைவிட நல்லது. சின்னக் குப்பிகள் கம்பி இடுக்கில் சாயாது.

பாரமான சாமான்தான் அதிகம் என்றால், சாதாரணக் கதவுக்குள் தனித்தனி பிளைவுட் டிராயர் போடுவதையே பரிந்துரைப்போம். 45 மி.மீ. டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி வழக்கமாக 45 கிலோ தாங்கும், அது ஒவ்வொரு டிராயருக்கும் தனித்தனி. 450 பெட்டியில் இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை போனால் உள் அகலம் 414. சேனல் பக்கத்துக்கு 12.7 மி.மீ. கனம் என்பதால் அதில் டிராயர் 388 வர வேண்டும். ஆனால் கீல் பக்கம் கதவு உள்ளே துருத்தி நிற்கும். அங்கே 25 மி.மீ. கட்டை கொடுத்து, டிராயரை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் கதவில் போய் முட்டும்.

எதைப் போட்டாலும் சேனல் கிரீச்சிட்டால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் மாவையும் தூசியையும் பிடித்துப் பசையாகும். உலர்ந்த துணியால் துடைத்து, வேண்டுமானால் துளி சிலிக்கான் ஸ்ப்ரே. பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் டாம்பரும் ரோலரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். செட்டோடுதான் வரும் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.