மேலட் ஃபிங்கர்: எந்த ஸ்பிளின்ட் யாருக்குப் பொருந்தும்?

கேட்ச் பிடிக்கப் போகையில் பந்து விரல் நுனியில் மோதினாலோ, மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகும்போது நுனி சட்டென மடங்கினாலோ, விரலின் கடைசி மூட்டை நிமிர்த்தும் தசைநாண் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் அறுந்துவிடக்கூடும். நுனி தொங்கிவிடும், மறு கையால் நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் மறுபடி விழும். இதுவே மேலட் ஃபிங்கர். சுளுக்கு என்றெண்ணி நீவி விடுவதால் ஒரு பயனும் இல்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பும் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

விரலை அசையாமல் தாங்கிப் பிடிக்க அணியும் சாதனமே ஸ்பிளின்ட். சிகிச்சையின் விதி எல்லா ஸ்பிளின்ட்களுக்கும் ஒன்றுதான். நடு மூட்டை மடக்க விட்டு, நுனி மூட்டை மட்டும் 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் நேராக வைத்திருக்க வேண்டும். அதன்பின் சில வாரங்கள் இரவில் மட்டும் அணிந்தால் போதும். இடையில் ஒருமுறை நுனி மடங்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஆங்கிலேயக் கை அறுவை மருத்துவர் ஸ்டாக்கின் பெயரால் வழங்கும் பிளாஸ்டிக் உறை மலிவானது, எளிதில் கிடைப்பது, தண்ணீர் பட்டாலும் கெடாதது. ஆனால் அது குறிப்பிட்ட அளவுகளில்தான் வருகிறது. வீங்கிய விரலுக்குச் சரியாக இருந்த உறை, வீக்கம் வடிந்ததும் தளர்ந்து, உள்ளே நுனி மெல்லத் தாழ இடம் கொடுத்துவிடும். நம் ஊர் வெயிலில் வியர்வை தேங்கித் தோல் ஊறி வெளுத்துப்போவதும் உண்டு.

பஞ்சு ஒட்டிய அலுமினியத் தகட்டை விரலின் அளவுக்கு வெட்டி வளைத்து, டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். அதை மேற்புறத்தில் வைத்தால் விரல் நுனியின் சதை திறந்திருப்பதால், தொட்டு உணரவும் தட்டச்சு செய்யவும் தடையில்லை. ஆனால் மூட்டின் மேலுள்ள தோல் மெல்லியது. தகடு அழுத்தினாலோ, நுனியை அளவுக்கு மீறிப் பின்னால் வளைத்துக் கட்டினாலோ, அங்கே இரத்த ஓட்டம் குறைந்து தோல் வெளுக்கும், நாளடைவில் புண்ணாகும். அடிப்புறத்தில் வைத்தால் அந்தப் பயம் குறைவு. ஆனால் விரல் நுனியின் சதை மூடப்படுவதால் தொட்டு உணர முடியாது.

சுடுநீரில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை அவரவர் விரலிலேயே வார்த்துத் தருவது மூன்றாவது வழி. வீக்கம் வடிந்தால் மறுபடி சூடாக்கித் திருத்திக்கொள்ளலாம் என்பதே இதன் பெரிய பலம். செலவு கூடுதல், வார்க்கத் தெரிந்த கை சிகிச்சையாளர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

எந்த வகை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு முடித்தது. அன்றாட உழைப்பைத் தாங்கும் உறுதி ஸ்பிளின்டுக்கு வேண்டும், நோயாளி அதை ஒழுங்காக அணிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அது வலியுறுத்தியது. ஆகவே விலையைவிடத் தோலையும் தொழிலையும் பார்த்துத் தேர்வதே முறை என்பது என் கருத்து. வீக்கம் உள்ள முதல் நாட்களுக்கு அலுமினியத் தகடு, பிறகு வசதியிருந்தால் தெர்மோபிளாஸ்டிக். பாத்திரம் கழுவும் கைக்கு ஸ்டாக் உறை, ஆனால் நாள்தோறும் கழற்றி உலர்த்தும் பொறுமை இருந்தால் மட்டும்.

அந்தக் கழற்றலில்தான் பலருடைய வாரங்கள் வீணாகின்றன. கையை மேசை மீது குப்புற வைத்து, நுனி மேசையை விட்டு எழாமலும் தாழாமலும் உறையை முன்புறமாக உருவ வேண்டும். துடைத்து உலர்த்தி முடியும்வரை மறு கைப் பெருவிரலால் நுனியைத் தாங்கியபடியே மீண்டும் மாட்ட வேண்டும்.

மூட்டின் குறுக்கே கம்பி செருகும் அறுவை சிகிச்சையைப் பலர் குறுக்கு வழியாக நினைக்கிறார்கள். கம்பி இருக்கும் வாரங்களில் கழற்றும் தொல்லை இல்லை என்பது மெய்தான். ஆனால் கம்பி வழியே கிருமித் தொற்று ஏற்படலாம், நகம் கோணலாக வளரலாம். பெயர்ந்த எலும்புத் துண்டு பெரிதாக இருந்து மூட்டே இடம் பெயர்ந்தவர்களுக்கும், தொழில் காரணமாக ஸ்பிளின்ட் அணியவே முடியாதவர்களுக்கும் மட்டுமே அதைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அடிபட்டுச் சில வாரம் கழித்து வருபவருக்கும்கூட ஸ்பிளின்டைத்தான் முதலில் முயல்கிறார்கள். நுனியில் சில பாகை வளைவு எஞ்சினாலும் அன்றாட வேலைக்கு அது பெரும்பாலும் இடைஞ்சலாக இருப்பதில்லை.